மூணு டெமோ, ஒரு ஹுப்பா பாட்டு: எந்தக் குரலை எடுக்கலாம்?

#1 மிக்சர்மேசை

எல்லாருக்கும் வணக்கம். நான் புரூக்ளின்ல ஒரு சின்ன ஸ்டுடியோவுல மிக்சிங் வேலை பார்க்கிறேன். வர்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் போரோ பார்க், ஃபிளாட்புஷ் பக்கத்து ஆர்த்தடாக்ஸ் யூதர்கள். கல்யாணப் பாடகர்கள், பையன்கள் குழு, சொந்தமா மெட்டுப் போடுறவங்க. ஆறு வருஷமா இந்த இசையோடதான் என் பொழுது விடியுது.

ஒரு மெட்டமைப்பாளர் 121ஆம் சங்கீதத்துக்கு மெட்டுப் போட்டுக் கொண்டுவந்திருக்கார். அவர் மகள் கல்யாணத்துக்கு. பொண்ணு ஹுப்பாவுக்கு, அதாவது மணப்பந்தலுக்கு, நடந்து வரும்போது ஒலிக்கணும். அப்புறம் தனிப்பாட்டா வெளியிடவும் ஆசைப்படறார். மூணு பேர் டெமோ கொடுத்திருக்காங்க. "எனக்குக் காது அடைச்சுப்போச்சு, நீயே சொல்லு"ன்னு பொறுப்பை என்கிட்ட விட்டுட்டார். கல்யாணத்துக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கு.

பாட்டைப் பத்தி: இவங்க பாட்டுல லோ பார்ட், ஹை பார்ட்னு ரெண்டு பாகம் இருக்கும். நம்ம பல்லவி, சரணம் மாதிரி நினைச்சுக்கலாம், ஆனா ஹை பார்ட்தான் ஜனங்க சேர்ந்து பாடுற இடம். இதுல லோ பார்ட் நடபைரவி ஸ்வரங்கள், ஹை பார்ட் அப்படியே வகுளாபரணம். அவங்க அதை அஹாவா ரப்பான்னு சொல்றாங்க. சுருதி ரெண்டு கட்டை. உச்சம் மேல் பஞ்சமம். கடைசித் தடவை அரைக் கட்டை ஏத்தறார். இந்த வகைப் பாட்டுல அந்த ஏத்தம் கிட்டத்தட்ட சம்பிரதாயம்.

முதல் குரல்: ஜெப ஆலயத்துல ஹசானா, அதாவது ஜெபத்தை முன்னின்று பாடுறவரா, பயிற்சி எடுத்த டெனர், அதாவது மேல் ஸ்தாயி ஆண் குரல். மேல் பஞ்சமத்துல போய் நின்னு வீட்டையே நிரப்புறார்.

ரெண்டாவது: கல்யாண பேண்டுல வாரம் நாலு நாள் பாடுற இளைஞர். மெல்லிய, பளிச்சுனு இருக்கிற குரல். இன்னிக்கு ரேடியோவுல கேக்கிற சத்தம்.

மூணாவது: பள்ளிக்கூட வாத்தியார். பாரிடோன், டெனரை விடக் கீழ்க்குரல். பயிற்சியே இல்லை. மேலே போனா தொண்டை இறுகுது. ஆனா லோ பார்ட்டை அவர் பாடினதுக்கப்புறம் மத்த ரெண்டையும் திரும்பக் கேக்க மனசு வரலை.

உங்க காது என்ன சொல்லுது? டெமோவை இங்க போட முடியாது, அவங்க சொத்து. என்ன வேணும்னாலும் கேளுங்க, சொல்றேன்.

#2 பழையகிராமபோன்

இதுல யோசிக்க என்ன இருக்கு? முதல் ஆள்தான். இந்த இசையோட வேர் ஹசான்கள்கிட்டதான் இருக்கு. யோஸலே ரோஸன்பிளாட்னு ஒருத்தர், 1882ல பிறந்து 1933ல போய்ச் சேர்ந்தவர். அவர் இசைத்தட்டுகளைக் கேட்டுப் பாருங்க. 1918ல சிகாகோ ஆப்பரா கூப்பிட்டும் மதக் காரணத்துக்காகப் போகலை. அந்தக் குரல்ல ஒரு விம்மல் இருக்கும். அழுகை வர்ற இடத்துல குரல் உடைஞ்சு, உடனே சேர்ந்துக்கும். அந்தப் பரம்பரையில பயிற்சி எடுத்தவர் கையில இருக்கும்போது, பேண்டுக்காரரையும் வாத்தியாரையும் எதுக்குப் பார்க்கணும்?

பக்திப் பாடகர்கள் மோர்டெக்காய் பென் டேவிட், ஆவ்ரஹாம் ஃப்ரீட் ரெண்டு பேரையும் எடுத்துக்குங்க. ஃப்ரீடோட முதல் ஆல்பம் 1981. நாப்பது வருஷத்துக்கு மேல அந்த உலகத்தை நிறைச்சு வெச்ச குரல்கள் அதெல்லாம். சும்மா முணுமுணுத்து வந்ததில்லை.

#3 சுருதிப்பெட்டி

நான் சென்னையில முப்பது வருஷமா வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கறேன். யூத இசை எனக்குப் புதுசு. குரல் புதுசில்லை. அதனால குரல் பத்தி மட்டும் கேக்கறேன்.

ஒண்ணு. மேல் பஞ்சமம் எந்த அட்சரத்துல வருது? எந்த உயிரெழுத்து? நீங்க சுருதியைச் சொன்னீங்க, எழுத்தைச் சொல்லலை. "ஆ"வுல மேல் பஞ்சமம் நிக்கறதும் "ஓ"வுல நிக்கறதும் ஒரே வேலை கிடையாது. பெரும்பாலான ஆண் குரலுக்கு அந்த எல்லையில "ஆ" அகண்டு கத்தலாப் போயிடும். உதட்டைக் குவிச்சா அடங்கும்.

ரெண்டு. வாத்தியாருக்குத் தொண்டை இறுகறதுன்னு சொன்னீங்க. எந்த ஸ்வரத்துலேந்து இறுகறது? மேல் காந்தாரமா, மத்யமமா?

மூணு. சுருதியை இறக்கிப் பார்த்தீங்களா? இல்லைன்னா நீங்க மூணு குரலை ஒப்பிடலை. ஒரு டெனருக்காகத் தச்ச சட்டையை மூணு பேருக்கும் போட்டுப் பார்த்திருக்கீங்க.

#4 மிக்சர்மேசை

டீச்சர், மூணாவது கேள்விக்கு நேரா பதில் சொல்லிடறேன். இறக்கிப் பார்க்கலை. மெட்டமைப்பாளர் ரெண்டு கட்டைன்னு எழுதிக் கொடுத்தார், அதே டிராக்கை மூணு பேருக்கும் அனுப்பிட்டேன். என் தப்பு.

உச்சம் "எஸ்ஸா"ங்கிற வார்த்தையோட கடைசி எழுத்துல வருது. முதல் வரி இது:

எஸ்ஸா ஏனை எல் ஹெஹாரிம், மேஆயின் யாவோ எஸ்ரி.

"எஸ்ஸா"ன்னா "உயர்த்துவேன்". சரியா அந்த வார்த்தையில மெட்டு ஏறுது. எபிரேயத்துல பெரும்பாலும் அழுத்தம் கடைசி அசையில விழும். அமெரிக்காவுல போட்ட பல மெட்டுகள் இதைக் கவனிக்காம முன் அசையை இழுக்கும், இவர் அந்தத் தப்பைப் பண்ணலை.

இதுல ஒரு விஷயம் இருக்கு டீச்சர். இப்ப நான் எழுதினது இஸ்ரேல் உச்சரிப்பு. கிழக்கு ஐரோப்பாவுலேந்து வந்த அஷ்கெனாஸி வழக்குல இதே வரி "எஸ்ஸோ ஏனை எல் ஹெஹோரிம், மேஆயின் யோவோ எஸ்ரி"ன்னு வரும். கமாத்ஸ்னு ஒரு உயிர்க்குறி. அது அங்க "ஆ", இங்க "ஓ". இந்தக் குடும்பம் வீட்டுல ஜெபிக்கிறது "ஓ"வுலதான். டெமோவுல மூணு பேரும் "ஆ"வுல பாடியிருக்காங்க, இஸ்ரேல்லயும் போகணும்னு.

வாத்தியாருக்கு மேல் காந்தாரத்துலேந்தே இறுகுது.

#5 சுருதிப்பெட்டி

அப்படின்னா பாதி விடை உங்க கையிலேயே இருக்கு. மூணு அரைச்சுரம் இறக்குங்கோ. ரெண்டு கட்டை கீழ் ஏழாகும். இப்ப காந்தாரம் இருக்கிற இடத்துக்கு அப்போ பஞ்சமம் வந்துடும். இறுக்கம் ஆரம்பிக்கற இடமே உச்சமாயிடும், அதைத் தாண்டிப் போக வேண்டியதில்லை. அதோட "எஸ்ஸோ"ன்னு "ஓ"வுல பாடச் சொல்லுங்கோ. பாடினதும் எனக்கு எழுதுங்கோ, மத்ததை அப்புறம் பேசலாம்.

இன்னொண்ணு. வகுளாபரணத்துல சுத்த ரிஷபத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவுல பெரிய இடைவெளி. நம்ம பிள்ளைகள் ரிஷபத்தை அசைக்காம விட மாட்டா. உங்க பாடகர்கள் அங்க என்ன பண்றா? அசைக்கறாளா, நேரா நிக்கறாளா?

#6 மிக்சர்மேசை

நேரா நிக்கிறாங்க டீச்சர். நம்ம கமகம் அங்க கிடையாது. அவங்க அலங்காரம் ஸ்வரத்தோட முடிவுல வரும். கிழக்கு ஐரோப்பிய யூதர்களோட யித்திஷ் மொழியில கிரெக்ட்ஸ்னு பேரு, முனகல்னு அர்த்தம். ஸ்வரம் முடியற நேரத்துல தொண்டையை ஒரு கணம் மூடி, மேலே ஒரு சின்னத் தெறிப்பு, அப்புறம் மௌனம். விக்கல் மாதிரி, ஆனா விக்கலை விட ரொம்ப மென்மை. கல்யாண கிளாரினெட்டுலயும் வயலின்லயும் அதே முனகல் இருக்கு.

திரையில பெரிசு பண்ணிப் பார்த்தா தெளிவாத் தெரியும். அலை மெலிஞ்சு வரும், இம்மியளவு வெறும் கோடு, அதுக்கப்புறம் முள்ளு மாதிரி ஒண்ணு, முடிஞ்சது. முதல் ஆள் "ஏனை"ன்னு முடிக்கும்போது அந்த முள்ளு எல்லா இடத்துலயும் ஒரே உயரத்துல இருக்கு. பயிற்சி. வாத்தியார் டெமோ முழுக்க ரெண்டே இடத்துல பண்றார், ரெண்டும் வேற வேற உயரம். அவருக்கே தெரியாம வந்ததுன்னு நினைக்கிறேன்.

#7 தவில்காரன்_டொரண்டோ

தம்பி, நான் இஞ்ச கல்யாண ஹோல்களுக்கு சவுண்ட் செய்யிறனான். பாதர்ஸ்ட் றோட்டுப் பக்கம் எக்கச்சக்கமான யூதக் கல்யாணம். எங்கட சனத்தின்ரை கல்யாணமும் செய்யிறன், அவையின்ரையும் செய்யிறன். நான் சொல்லுறது மேடையைப் பாத்து.

ஹுப்பா பாட்டு எண்டால் நேரம் ஆற்றையும் கையில இல்லை. பொம்பிளை எவ்வளவு மெதுவா நடப்பா எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. தாயும் மாமியும் ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கொண்டு வருவினம். வந்து மாப்பிள்ளையை ஏழு தரம் சுத்துவா. மூண்டாம் சுத்தில உடுப்பு எதிலையும் மாட்டுப்படும், நிண்டு எடுத்துவிட்டுத்தான் திரும்பத் தொடங்குவினம். பாடுறவர் அவவையே பாத்துக்கொண்டு நிக்கவேணும். வரியை நீட்டவேணும், தேவையெண்டால் திரும்பிப் போகவேணும், சுத்தி முடியிற நேரத்துக்குப் பாட்டும் முடியவேணும். உங்கட ரெண்டாவது பெடியன் வாரத்தில நாலு நாள் இதைத்தானே செய்யிறான். அதைக் குறைவா எடைபோடாதேங்கோ.

மற்றது, அந்த நேரம் அந்தச் சனம் இருக்கிற நிலைமை. முதல் டான்ஸ், ரெண்டாம் டான்ஸ் எண்டால் அது வேறை, பித்தளை வாத்தியங்களும் ட்ரம்ஸும் காதைப் பிளக்கும், லேபெடிக் எண்டு சொல்லுவினம், பெரிய குரல் வேணும். ஹுப்பாவில ஆம்பிளையள் எல்லாம் கண்ணைத் துடைச்சுக்கொண்டு நிப்பினம். அதுக்குள்ளை ஆப்பரா மாதிரி ஒரு குரல் வந்தால் எல்லாரும் பொம்பிளையை விட்டிட்டுப் பாடுறவரைத் திரும்பிப் பாப்பினம். நான் எத்தினை தரம் கண்டிருக்கிறன்.

#8 பழையகிராமபோன்

தவில்காரன் அண்ணே, நல்ல குரலைத் திரும்பிப் பார்க்கிறது குத்தமா? யாரும் திரும்பிப் பார்க்காத குரலைத் தேடுறதா ஒரு பாட்டோட லட்சியம்?

#9 தவில்காரன்_டொரண்டோ

பாட்டின்ரை லட்சியம் வேறை ஐயா, அந்தப் பத்து நிமிசத்தின்ரை லட்சியம் வேறை. ரெக்கோட்டில முதல் ஆள் பாடட்டும், நான் வேண்டாம் எண்டேல்லை.

#10 ரெஹோவோத்வாசி

நான் இஸ்ரேல்ல ஆராய்ச்சி வேலையில இருக்கேன், நாலாவது வருஷம். இங்கேர்ந்து பார்த்தா உங்க மூணு குரலுமே புரூக்ளின் குரலாத்தான் தெரியுது. தப்பா எடுத்துக்காதீங்க.

இங்க பக்திப் பாட்டோட குரலே மாறிப்போச்சு. இஷாய் ரீபோன்னு ஒருத்தர், 1989ல பிரான்ஸ்ல மார்செய்ல பிறந்து, சின்ன வயசுல இங்க வந்தவர். யோம் கிப்பூர்ங்கிற பாவமன்னிப்பு நாள்ல பழைய ஆலயத்துல தலைமைக் குரு செய்த சடங்கை வரிசையாச் சொல்ற ஒரு நீளப் பாட்டை 2019ல வெளியிட்டார். மதமே வேண்டாம்னு இருக்கிறவங்க வீட்டுலயும் அது கேட்டுது. கேட்டுப் பாருங்க, ஹசான் குரல் துளிகூட இல்லை. பக்கத்துல உக்காந்து ஒருத்தர் நடந்ததைச் சொல்ற மாதிரி இருக்கும். அந்த விஷயத்தைப் பெரிய குரல்ல பாடியிருந்தா அது சடங்காவே நின்னுருக்கும், எனக்கு நடந்ததா ஆகியிருக்காது.

2023ல அவர் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்லயே பாடினார். அதனால அமெரிக்காவுல பெரிய குரல்தான் எடுபடும்னு யாரும் சொல்ல முடியாது.

இன்னொரு பக்கம் மிஸ்ராஹி இசை இருக்கு. யேமன், மொராக்கோ, ஈராக்லேந்து வந்தவங்களோடது. அதோட பெரிய பாடகர் ஜோஹர் அர்கோவ் 1987ல செத்துப்போனார், இன்னமும் அவர் பேரைச் சொல்லாம இங்க யாரும் குரலைப் பத்திப் பேச மாட்டாங்க. சில்சூல்னு சொல்வாங்க, ஒரே அசையில குரல் சுருண்டு சுருண்டு இறங்கும். நம்ம காதுக்கு பிருகா மாதிரி உடனே பிடிச்சுப்போகும். மெட்டு ஹிஜாஸ் மகாம் (மகாம்னா அரபு இசையில நம்ம ராகம் மாதிரி) பக்கம் சாயுற ஹை பார்ட்டுன்னா அப்படி ஒரு குரலைத் தேடிப் பார்க்கலாமே? உங்க ஃபிளாட்புஷ்லயே சிரியா வழி யூதர்கள் நிறையப் பேர் இருக்காங்க. அவங்க ஜெபத்துல வாராவாரம் மகாம் மாத்துவாங்க, அந்த வாரத்து வேத பாகத்தைப் பொறுத்து.

#11 மிக்சர்மேசை

யோசிச்சேன். ஒரு சிரியா வழிப் பாடகர் போன வருஷம் எங்ககிட்ட வந்தார். வகுளாபரணத்தை அவர் பாடினா கேட்டுட்டே இருக்கலாம். ஆனா இந்த மெட்டோட லோ பார்ட் நடை போலந்து, உக்ரைன் பக்கத்து நிகுன் நடை. நிகுன்னா வார்த்தையே இல்லாம "யா பா பம்"னு பாடுற மெட்டு. சில்சூலுக்கு அதுல இடமே கிடையாது. அவருக்காக மெட்டை மாத்தணும், மெட்டு பெண்ணோட அப்பாவோடது.

தவில்காரன் அண்ணா, நீங்க சொன்ன ஏழு சுத்து எனக்குத் தோணவே இல்லை. ஸ்டுடியோவுல உக்காந்திருக்கறவனுக்கு எல்லாப் பாட்டும் நாலு நிமிஷம்தான். ரொம்ப நன்றி.

#12 புதுசா_வந்தவன்

ஒரு சந்தேகம். ரெண்டாவது ஆளை எடுத்து, மெலடைன்னு சுருதி திருத்தற மென்பொருளைப் போட்டு சரி பண்ணிட்டா முடிஞ்சதே? மூணாவது ஆளோட தொண்டை இறுக்கத்தையும் அப்படியே சரி பண்ணலாமே?

#13 மிக்சர்மேசை

தம்பி, நல்ல கேள்வி. சுருதியைத் திருத்தலாம், இறுக்கத்தைத் திருத்த முடியாது. இறுக்கம் சுருதிப் பிசகு இல்லை, அது குரலோட நிறம். இன்னொண்ணு, மேலே சொன்ன கிரெக்ட்ஸை மென்பொருள் பிசகுன்னு நினைச்சு நேராக்கிடும். ஒரு தடவை அவசரத்துல ஒரு பாட்டு முழுக்க அப்படிப் போட்டு அனுப்பிட்டேன். பாடினவர் போன் பண்ணி, "எல்லாம் சரியா இருக்கு, ஆனா நான் அழுததை எங்க வெச்சே?"ன்னு கேட்டார். ராத்திரி முழுக்க உக்காந்து ஒவ்வொண்ணா திரும்ப எடுத்து வெச்சேன். அதுலேந்து சுருதித் திருத்தத்தை ஒவ்வொரு ஸ்வரமாக் கையாலதான் பண்றேன்.

#14 ஞாயிறுபாடகர்

மன்னிக்கவும், நான் பாளையங்கோட்டைக்காரன். சின்ன வயசுல இருந்தே சபையில பாடகர் குழு. இந்தச் சங்கீதம் எங்க வீட்டுல மனப்பாடம். ராத்திரி ஜெபத்துல பாட்டி சொல்லுவாங்க.

ஒண்ணு கேக்கணும். எங்க தமிழ் வேதாகமத்துல முதல் வசனம் "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்"னு இருக்கு. ஒத்தாசை பர்வதத்துல இருந்து வருதுன்னு சொல்ற மாதிரி. நீங்க எழுதின எபிரேய வரியில "மேஆயின்"னு ஒரு வார்த்தை வருதே, அதுக்கு என்ன அர்த்தம்?

#15 ரெஹோவோத்வாசி

"எங்கேயிருந்து?" எபிரேயத்துல அது கேள்வி. "மலைகளை நோக்கிக் கண்ணை உயர்த்துறேன். எங்கேயிருந்து வரும் என் உதவி?" பதில் அடுத்த வசனத்துலதான் வரும். இங்க கடைக்காரர்கூட "மேஆயின் அத்தா?"ன்னுதான் என்னைக் கேப்பார், நீ எந்த ஊருன்னு.

#16 ஞாயிறுபாடகர்

ஐம்பது வருஷமா அதைப் பதிலாவே சொல்லிட்டு இருந்திருக்கேன். இப்ப கேள்வின்னு தெரிஞ்சதும் பாட்டி குரல் வேற மாதிரி கேக்குது.

மிக்சர்மேசை தம்பி, அப்போ உங்க முடிவும் இதுலதான் இருக்குன்னு எனக்குப் படுது. மகளைக் கட்டிக்கொடுக்கிற தகப்பன் மலையைப் பார்த்துக் கேக்கான், எங்கேயிருந்து வரும்னு. அந்தக் கேள்வியை மூணு பேர்ல யாரு கேக்காங்க? யாரு கேக்காம பாடுதாங்க?

#17 மிக்சர்மேசை

இதைப் படிச்சதும் எழுந்து போய் மூணு டெமோவையும் "மேஆயின்" கிட்ட மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

முதல் ஆள் அந்த வார்த்தையை நடு அசையில நல்லா அழுத்திப் பாடறார், இலக்கணப்படி சரி. ஆனா உதவி வந்து வாசல்ல நிக்கிற மாதிரி இருக்கு. அவர் குரலுக்குச் சந்தேகமே தெரியாது. ரெண்டாவது ஆள் அந்த வார்த்தையில ஒரு அழகான சின்ன ஓட்டம் வெச்சிருக்கார். அதைக் கேட்டதும் வார்த்தை மறந்து ஓட்டம்தான் ஞாபகம் இருக்கு. வாத்தியார் "மே"ன்னு சொல்லி ஒரு மூச்சு நிக்கிறார். அப்புறம் "ஆயின்". முன்னாடி இதை மூச்சுப் போதலைன்னு குறிச்சு வெச்சிருந்தேன்.

#18 பழையகிராமபோன்

கேள்வி, பதில்னு பிரிச்சுப் பார்த்தா நீங்க சொல்றதுல நியாயம் இருக்கு. ஆனா பதிலும் பாட்டுல இருக்கில்ல? "வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவரிடமிருந்து." அதை வாத்தியார் குரல் தாங்குமா? பதில் சொல்ற இடத்துல ஒரு தூண் வேணும். நான் முதல் ஆளை விட மாட்டேன்.

#19 கொச்சிக்காயல்

நடுவுல வந்துட்டேன், எல்லாரும் ஆண் குரலையே பேசறீங்க. பெண்ணோட கல்யாணம், பெண் பாடக்கூடாதா? நான் எர்ணாகுளத்துல வளர்ந்த தமிழ்ப் பொண்ணு. மட்டாஞ்சேரி யூதப் பெண்கள் மலையாளத்துல கல்யாணப் பாட்டுகளை நோட்டுப் புத்தகத்துல எழுதி வெச்சு, தலைமுறை தலைமுறையா ஆண்கள் இருக்கும்போதே பாடியிருக்காங்க. அதனாலதான் கேக்கறேன்.

#20 மிக்சர்மேசை

அக்கா, உண்மையைச் சொன்னா இந்தப் பாட்டை மெட்டமைப்பாளரோட மனைவி சமையலறையில முணுமுணுத்து ஒரு தடவை கேட்டிருக்கேன், கதவுக்கு அந்தப் பக்கம். ரொம்ப நல்லா இருந்தது. ஆனா இந்தச் சமூகத்துல கோல் இஷான்னு ஒரு விதி. தல்மூதுங்கிற யூதச் சட்ட நூல்ல பெராகோத் பகுதியில வர்றது. பெண் பாடறதை வெளி ஆண் கேக்கக்கூடாதுன்னு அதை எடுத்துக்கறாங்க. பெண்கள் பெண்களுக்கு மட்டும் பாடற கச்சேரிகள் உண்டு, அதுக்கான ஆல்பங்களும் உண்டு, "பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் மட்டும்"னு அட்டையில போட்டிருக்கும். மத்த யூதப் பிரிவுகள்ல அப்படி இல்லை. டெபி ஃப்ரீட்மன்னு ஒரு அம்மா, 2011ல இறந்தாங்க, அமெரிக்காவுல சீர்திருத்த ஜெப ஆலயங்கள் பாடுற விதத்தையே மாத்தினவங்க. அவங்க கிட்டாரோட முன்னாடி நின்னு பாடினதாலதான் சபையே சேர்ந்து பாட ஆரம்பிச்சது.

நான் அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வேலை செய்யறேன். அவங்க விதிக்குள்ளதான் செய்வேன். ஆனா உங்க கேள்வி நியாயமானது.

#21 கொச்சிக்காயல்

புரியுது. அந்த அம்மா முணுமுணுத்த சுருதி என்னன்னு ஞாபகம் இருக்கா? பெண்கள் சமையலறையில எடுக்கிற சுருதியில ஒரு பொய்யும் இருக்காது. அதுக்கு நேர் கீழே ஒரு ஆண் குரல் எந்தக் கட்டையில வரும்னு பாருங்க.

#22 சுருதிப்பெட்டி

கொச்சிக்காயல் சொல்றது சரி. மிக்சர்மேசை, இறக்கிப் பாடச் சொன்னேனே, என்ன ஆச்சு?

#23 மிக்சர்மேசை

எட்டு நாளா எழுதலை, எல்லாரும் மன்னிக்கணும். நடந்ததைச் சொல்றேன்.

கீழ் ஏழு கட்டையில டிராக்கைப் புதுசா எடுத்தேன். வாத்தியாரைத் திங்கள்கிழமை ராத்திரி, பள்ளி முடிஞ்சு அவர் பாடம் எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் வரச் சொன்னேன். "ஆ" வேண்டாம், உங்க வீட்டுல எப்படி ஜெபிப்பீங்களோ அப்படிப் பாடுங்கன்னேன். முதல்ல தயங்கினார். இஸ்ரேல்ல போடணும்னு மெட்டமைப்பாளர் சொன்னாரேன்னு. நான் பொறுப்புன்னேன்.

"எஸ்ஸோ." டீச்சர், நீங்க சொன்னது அப்படியே. குவிஞ்ச உதட்டுல அந்தப் பஞ்சமம் உருண்டு வந்து நின்னுது. இறுக்கம் கொஞ்சம் இருக்கு, முழுசாப் போகலை, ஆனா அது இப்ப முயற்சி மாதிரி கேக்குது. கண்ணை உயர்த்தறது ஒரு முயற்சிதானே. நாலாவது டேக். மூணாவதுல சுருதி இன்னும் சுத்தம், ஆனா நாலாவதுல "மேஆயின்" நடுவுல அந்த மூச்சு திரும்ப வந்தது. நாலாவதை வெச்சுக்கிட்டேன்.

மெட்டமைப்பாளர் வந்து கேட்டார். லோ பார்ட் முழுக்கத் தலையை ஆட்டினார். ஹை பார்ட் முடிஞ்சதும், "அரைக் கட்டை ஏத்தம் எங்க?"ன்னு கேட்டார். ஏத்தினா வாத்தியார் குரல் உடையும்னேன். ஏத்தம் இல்லாட்டி பாட்டு எழும்பாதுன்னார். அரை மணி நேரம் வாக்குவாதம். பழையகிராமபோன் சாரோட வார்த்தையை, பதிலுக்கு ஒரு தூண் வேணும்ங்கிறதை, அப்பதான் அவர்கிட்டச் சொன்னேன். முதல் ஆளைக் கூப்பிட்டு ரெண்டாவது வசனத்தை மட்டும் பாடச் சொல்லலாம்னு என் யோசனை. அவர் ஒத்துக்கலை. "ஒருத்தர் கேக்கிற கேள்விக்கு இன்னொரு பாடகர் வந்து பதில் சொன்னா அது நாடகம். எங்க ஜெப ஆலயத்துல ஒருத்தர் ஒரு வரி சொன்னா அடுத்ததைச் சபைதான் சொல்லும்"னார்.

அதனால ரெண்டாவது வசனத்துக்கு ஏத்தத்தை எடுத்துட்டோம். அதே சுருதி, அஞ்சு ஆண்கள், ஒரே ஸ்வரம், சுருதி பிரிக்காம. "எஸ்ரி மேஇம் ஹாஷெம்." இறைவன் பேரைப் பாட்டுல நேராச் சொல்ல மாட்டாங்க, ஹாஷெம்னுதான் சொல்வாங்க, மெட்டுமே அந்த ரெண்டு அசைக்குத்தான் போட்டிருக்கு. அந்த வரி லோ பார்ட்டோட மெட்டுல, மேல் சட்ஜத்தைத் தாண்டாம வர்றதால பாடகரா இல்லாதவங்களும் தொட முடிஞ்சது. ரெண்டு கட்டையில இது நடந்திருக்காது.

#24 தவில்காரன்_டொரண்டோ

நல்லது தம்பி. அண்டைக்கு மேடையில ஆர் பாடப்போகினம்? வாத்தியாருக்கு ஏழு சுத்தைச் சமாளிக்க ஏலுமோ?

#25 மிக்சர்மேசை

அதுக்கும் வழி கிடைச்சது அண்ணா. ரெண்டாவது பையன்தான் அன்னிக்கு பேண்டு. அவர்கிட்டப் பேசினேன். டெமோ எடுக்கலைன்னு வருத்தம் இருக்கும்னு பயந்துதான் போன் பண்ணினேன். அவர் கேட்டது ஒண்ணுதான், "வாத்தியார் என் பக்கத்துல நிப்பாரா?" பெண்ணைப் பார்த்துக்கிட்டு கையால சைகை பண்றது இவர் வேலை, பாடறது அவர் வேலை. சுத்து முடியலைன்னா "லோ யானும் வெலோ யீஷான்" வரியிலேந்து திரும்ப எடுப்பாங்க. உறங்கறதுமில்லை, தூங்கறதுமில்லைங்கிற வரி. எத்தனை தடவை திரும்பினாலும் தப்பாத் தெரியாது. அவங்க வாயில "லோ யோனும் வெலோ யீஷோன்".

முதல் ஆள்கிட்டயும் சொல்லிட்டேன். அவரை அந்தக் கல்யாணத்துலயே ஏழு ஆசீர்வாதங்கள்ல ஒண்ணைப் பாட மெட்டமைப்பாளர் கூப்பிட்டிருக்கார். அது ஹசான் குரலுக்குன்னே இருக்கிற இடம்.

#26 பழையகிராமபோன்

அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஆறிச்சு.

#27 சுருதிப்பெட்டி

அந்த அஞ்சு பேர் யார்?

#28 மிக்சர்மேசை

அவங்க ஜெப ஆலயத்துக்காரங்க டீச்சர். பேக்கரிக்காரர் ஒருத்தர், வக்கீல் ஒருத்தர், ரெண்டு மாணவர்கள். அஞ்சாவது மெட்டமைப்பாளரே. ஒரே மைக்கைச் சுத்தி நிக்க வெச்சு எடுத்தேன். "ஹாஷெம்" வரும்போது அவர் குரல் மத்த நாலு பேரை விட்டு கீழே இறங்கிடுது, கால் ஸ்வரம் இருக்கும். தனி டிராக் இல்லாததால அவரை மட்டும் திருத்தவும் முடியாது. திருத்தச் சொல்லி அவரும் கேக்கலை.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. சூரியன் மறையறதுக்கு முன்னாடி மாஸ்டரை அனுப்பிடணும், அதுக்கப்புறம் சனி ராத்திரி வரைக்கும் அவங்க போன் எடுக்க மாட்டாங்க. நான் போய் வாத்தியார் குரலுக்கு எதிரொலியைக் கொஞ்சம் குறைக்கணும், இன்னும் மண்டபம் மாதிரி கேக்குது.